ஓர் இரவும் நாற்பது ஆண்டுகளும்

அப்பாவின் அலமாரியில் கைலிகளுக்கு அடியில் ஒரு சாம்பல் நிறப் பை இருந்தது. இரண்டு வருடமாக யாரும் அதைத் திறக்கவில்லை. பெருநாளைக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது அம்மா அதை எடுத்துத் தூசு தட்டுவார், மறுபடியும் அதே இடத்தில் வைப்பார். உள்ளே இருப்பது ஒரு சிபேப் மிசின். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று போகிறவர்களுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி. ஐயாயிரம் ரிங்கிட்டுக்கு மேல், தவணையில் வாங்கியது.

அப்பா முப்பது வருடம் லோரி ஓட்டியவர். பட்டர்வொர்த்துக்கும் கோலாலம்பூருக்கும் இடையில் எத்தனை ஆயிரம் தடவை போய் வந்திருப்பார் என்று அவருக்கே தெரியாது. ஒருநாள் சிக்னலில் நின்றவர் பச்சை விழுந்தும் அசையவில்லை. பின்னால் ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டு ஒருவர் இறங்கி வந்து கதவைத் தட்டியபோதுதான் விழித்தார். அதற்குப் பிறகுதான் பரிசோதனைக்குப் போனோம். மணிக்கு 42 தடவை மூச்சு தடைபடுகிறது என்று காகிதத்தில் வந்தது.

மிசினைப் பதினோரு இரவுகள் போட்டார். பன்னிரண்டாவது நாள் பைக்குள் போய்விட்டது.

"மூக்கு எரியுது. காத்து கண்ணுக்குள்ள அடிக்குது. மூச்ச வெளிய விட முடியல. காலைல மூஞ்சில தடம் விழுது. சத்தத்துல உங்கம்மாவும் தூங்கல. இதப் போட்டுட்டுத் தூங்குறதுக்குத் தூங்காமலே இருந்துடலாம்டா தம்பி."

ஐந்து புகார்கள். நாங்கள் எல்லாரும் அதை அடம் என்றுதான் எடுத்துக்கொண்டோம். 'சொன்னா கேக்க மாட்டார்' என்று நான் அக்காவிடம் போனில் சொன்னேன். அவருடைய மருத்துவக் குறிப்பிலும் ஏறத்தாழ அதையேதான் எழுதியிருந்தார்கள், ஒழுங்காகப் பின்பற்றவில்லை என்று.

இந்த மிசினின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கியது அப்பாவுக்காக அல்ல. வேறு எதையோ தேடும்போது கண்ணில் பட்டது. ஆனால் படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. அப்பா சொன்ன ஐந்து புகார்களையும் அவருக்கு முன்னால் ஆயிரக்கணக்கானவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு புகாருக்கும் பின்னால் யாரோ பல வருடம் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார்கள். காற்றழுத்தம் மூச்சுத் தடையை நிறுத்தும் என்பது ஒரே இரவில் தெரிந்துவிட்டது. அந்தக் காற்றை ஒரு மனிதர் காலை வரை தன் முகத்தில் வைத்திருக்கச் செய்வதற்குத்தான் நாற்பது ஆண்டுகள் ஆகின. இன்னும் முடியவில்லை.

குறட்டை நமக்கு எப்போதும் சிரிப்புக்குரிய விஷயம். தமிழ்ச் சினிமாவில் குண்டானவர் குறட்டை விட்டால் தியேட்டரே சிரிக்கும். நம் மரபில் பெருந்தூக்கத்தின் பெயர் கும்பகர்ணன். வால்மீகியின் கதையில் அவன் விடும் மூச்சுக்காற்றின் முன்னால் எழுப்ப வந்த அரக்கர்களே நிற்க முடியாமல் தடுமாறுகிறார்கள். கம்பர் அவனுக்கு ஒரு பெரிய படலம் தந்து, விழித்த பிறகு அவன் பேசும் பேச்சில் அத்தனை கண்ணியம் வைத்திருக்கிறார். ஆனால் நம் வீடுகளில் மிஞ்சியது தூக்கம் மட்டும்தான். எங்கள் வீட்டிலும் அப்பாவுக்கு அந்தப் பெயர் இருந்தது.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். 1836-37இல் தொடராக வெளிவந்த 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் சார்ல்ஸ் டிக்கன்ஸ் ஜோ என்று ஒரு பையனைப் படைத்தார். பருத்த உடம்பு, எந்நேரமும் தூக்கம், நின்றுகொண்டே குறட்டை. வாசகர்கள் சிரித்தார்கள். நூற்று இருபது வருடம் கழித்து, 1956இல், சிட்னி பர்வெல் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு அந்த நாவலின் பெயரையே கொடுத்தார்கள்: பிக்விக்கியன் நோய்க்குறி. அந்த நோயாளி வாரம் ஒருமுறை நண்பர்களோடு போக்கர் ஆடும் ஒரு தொழில் நிர்வாகி. ஒருநாள் அவர் கைக்கு மூன்று ஏஸும் இரண்டு ராஜாவும் வந்தன. கிட்டத்தட்ட வெற்றி உறுதி. ஆனால் அவர் தூங்கிப்போனார். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்.

எனக்கு இந்தக் கதையில் உறுத்துவது ஒன்றுதான். பருத்த உடம்பையும் பகல் தூக்கத்தையும் மருத்துவர்கள் கூர்ந்து கவனித்தார்கள். இரவில் அந்த மனிதருக்கு என்ன நடக்கிறது என்பதை உட்கார்ந்து பார்க்கவில்லை. அது நடக்க இன்னும் ஒன்பது வருடம் ஆனது. 1965இல் பிரான்சின் மார்செய் நகரில் ஆன்றி கஸ்தோ குழுவினரும், ஜெர்மனியில் யுங், கூலோ ஆகிய இருவரும் இப்படிப்பட்ட நோயாளிகளின் தூக்கத்தையும் மூச்சையும் ஒரே நேரத்தில் பதிவு செய்தார்கள். அப்போதுதான் தெரிந்தது. இவர்கள் தூங்குகிறார்கள் என்று நாம் நினைத்திருந்தோம். உண்மையில் இவர்கள் இரவு முழுக்க விழித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

நடப்பது இதுதான். நம் தொண்டையின் மேற்பகுதியைத் தாங்கிப் பிடிக்க எலும்பு இல்லை, தசைதான். தூக்கத்தில் தசை தளரும். சிலருக்கு நாக்கும் அண்ணமும் பின்னால் சரிந்து வழியை மூடிவிடும். உடம்பு காற்றை உள்ளே இழுக்க முயலும். இழுக்க இழுக்க அந்த மென்மையான குழாய் இன்னும் ஒட்டிக்கொள்ளும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கும். மூளை பயந்து ஒரு நொடி எழுப்பிவிடும். ஒரு பெரிய குறட்டையோடு மூச்சு திரும்பும். எழுந்தது அவருக்கே நினைவிருக்காது. இது மணிக்கு முப்பது, நாற்பது தடவை நடந்தால், காலையில் எட்டு மணி நேரம் தூங்கிய ஒருவர் தூங்காதவராக எழுவார். 1970களில் ஸ்டான்ஃபோர்டில் வேலை செய்த கிறிஸ்டியன் கிலமினோ, இது பருத்தவர்களுக்கு மட்டும் வரும் நோய் இல்லை என்பதைக் காட்டி, இன்று நாம் சொல்லும் 'ஸ்லீப் அப்னியா' என்ற பெயரை நிலைக்க வைத்தார்.

காரணம் தெரிந்தது. மருந்து? 1969இல் ஜெர்மனியில் கூலோவும் சகாக்களும் செய்து காட்டிய சிகிச்சை, கழுத்தில் ஓட்டை போட்டு மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயைச் செருகுவது. பகலில் மூடி வைத்துக்கொள்ளலாம், இரவில் திறந்துவிட வேண்டும். அடைபடும் இடத்துக்குக் கீழேயே காற்று உள்ளே போய்விடும். அருமையாக வேலை செய்தது. ஆனால் ஆயுள் முழுக்கக் கழுத்தில் ஓட்டை. சளி, புண், தொற்று. நீந்த முடியாது. பத்து வருடத்துக்கும் மேலாக, கடுமையான நோய்க்கு உறுதியான சிகிச்சை என்றால் இதுதான். பல பேர் நோயே பரவாயில்லை என்று எழுந்து போனார்கள்.

அப்படி மறுத்த ஒருவரிடமிருந்துதான் நம் கதை தொடங்குகிறது.

காலின் சலிவன் ஆஸ்திரேலிய மருத்துவர். 1970களின் பிற்பகுதியில் கனடாவின் டொரொண்டோவில் எலியட் ஃபிலிப்சனின் ஆய்வுக்கூடத்தில் தூங்கும் நாய்களின் மூச்சை ஆராய்ந்தவர். சிட்னி திரும்பி ராயல் பிரின்ஸ் ஆல்ஃபிரட் மருத்துவமனையில் வேலை செய்துகொண்டிருந்தார். 1980 ஜூனில் ஒரு கட்டுமானத் தொழிலாளி வந்தார். பகலில் வேலை செய்யவே முடியாத அளவு தூக்கம். கழுத்தில் ஓட்டை போட வேண்டும் என்றார்கள். அவர் வேண்டாம் என்றார், வேறு எதையாவது முயன்று பார்க்கத் தயார் என்றார்.

சலிவன் ஒரு வேக்குவம் கிளீனர் மோட்டாரை எடுத்தார். உறிஞ்சும் பக்கத்தை விட்டுவிட்டு ஊதும் பக்கத்தில் குழாயை மாட்டினார். வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு கட்டுப்பாடு. குழாயின் மறுமுனை நோயாளியின் மூக்கில். காற்றை அழுத்தி அனுப்பினால் சரிந்து விழும் தொண்டைச் சுவரை உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கும் என்பது எண்ணம். ஓரிரு மணி நேரம் சோதித்துப் பார்க்கலாம் என்றுதான் நினைத்தார். அழுத்தத்தைக் கூட்டினார், அடைப்பு நின்றது. குறைத்தார், அடைப்பு திரும்பியது. மறுபடி கூட்டியதும் அந்த மனிதர் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போனார். எழுப்ப மனமில்லாமல் சலிவன் அப்படியே விட்டுவிட்டார். ஏழு மணி நேரம். காலையில் பல வருடங்களுக்குப் பிறகு முதல் தடவையாகத் தெளிவாக விழித்தார் அந்தத் தொழிலாளி.

1981 ஏப்ரலில் 'லான்செட்' இதழில் சலிவனும் மூன்று சகாக்களும் ஐந்து நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். தேவைப்பட்ட அழுத்தம் 4.5 முதல் 10 சென்டிமீட்டர் தண்ணீர் அளவு. இது எவ்வளவு என்று தெரிய வேண்டுமா? ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் ஸ்ட்ராவைப் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறக்கி ஊதிப் பாருங்கள். குமிழி வர எவ்வளவு அழுத்தி ஊதுகிறீர்களோ அவ்வளவுதான். ஒரு குழந்தை ஊதும் காற்று, ஒருவருக்குக் கழுத்து அறுபடாமல் தடுத்துவிட்டது.

காற்றழுத்தம் சலிவன் கண்டுபிடித்த விஷயமல்ல. 1936இல் லண்டனில் பூல்டன் என்ற மருத்துவர் இதய நோயாளிகளுக்கு மூச்சுத் திணறலின்போது, அவரும் வேக்குவம் கிளீனரைக் கொண்டுதான், முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பியிருக்கிறார். 1971இல் ஜார்ஜ் கிரிகோரி குறைமாதக் குழந்தைகளின் நுரையீரல் சுருங்காமல் இருக்க இதே முறையைக் கையாண்டார். ஆனால் அங்கெல்லாம் நோயாளி ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கிறார், நர்ஸ் பக்கத்தில் நிற்கிறார், சில நாளில் முடிந்துவிடும். சலிவனின் நோயாளி வீட்டுக்குப் போக வேண்டும். தன் படுக்கையில், தன் மனைவி பக்கத்தில், ஒவ்வோர் இரவும், அநேகமாக ஆயுள் முழுக்க இதை மாட்டிக்கொண்டு தூங்க வேண்டும். இங்கேதான் சிக்கல் ஆரம்பம்.

முதலில் வீட்டுக்கு எடுத்துப் போனவர்களின் கதையைப் படித்தபோது அப்பாமேல் எனக்கிருந்த கோபம் பாதி இறங்கிவிட்டது. ஒவ்வொருவர் மூக்கையும் மாவுக்கட்டுப் போட்டு அச்சு எடுத்தார்கள். அதை வைத்து ஃபைபர்கிளாஸில் முகமூடி வார்த்தார்கள். காற்று ஒழுகாமல் இருக்க, தினமும் படுக்கப் போகும் முன் சிலிக்கோன் பசையைக் கலந்து விளிம்பில் தடவி, முகமூடியை முகத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். காலையில் பிய்த்து எடுக்க வேண்டும். மறுநாள் இரவு மறுபடியும் பசை. பக்கத்தில் வேக்குவம் கிளீனர் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். சத்தம் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கிறது.

இத்தனை கஷ்டத்திலும் அவர்கள் போட்டுக்கொண்டார்கள். மாற்று என்னவென்று அவர்களுக்குத் தெரியும், கழுத்தில் ஓட்டை. முதல் தலைமுறை நோயாளிகளின் பொறுமைக்கு அந்தப் பயமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அப்பாவுக்கு அந்தப் பயம் இல்லை. அவருக்கு மாற்று, மிசின் இல்லாத சாதாரணத் தூக்கம். அல்லது தூக்கம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது.

1980களின் நடுப்பகுதியில் இது கடைக்கு வரும் பொருளானது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பக்கம் ஜெரி மெக்கின்னிஸ் தொடங்கிய ரெஸ்பிரோனிக்ஸ் நிறுவனம் 1985இல் தன் முதல் மிசினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சிட்னியில் சலிவனின் கண்டுபிடிப்பை எடுத்துக்கொண்டு பீட்டர் ஃபேரல் 1989இல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அதுதான் பிறகு ரெஸ்மெட் ஆனது. இரண்டுக்கும் இடையில் நடந்த போட்டி பெரும்பாலும் காற்றைப் பற்றியதல்ல. ஊதும் மோட்டார் எப்போதோ கைவசமாகிவிட்டது. போட்டி எல்லாம் அப்பாவின் ஐந்து புகார்களைப் பற்றியது.

காற்று கண்ணுக்குள் அடிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒழுகினால் நாம் என்ன செய்வோம்? பட்டையை இறுக்குவோம். அப்பாவும் அதைத்தான் செய்தார். இறுக்க இறுக்க மூக்குத்தண்டில் புண், கன்னத்தில் தடம், ஆனாலும் ஒழுகல் நிற்காது. 1990களில் வந்த மெல்லிய சிலிக்கோன் உறை இந்தக் கணக்கையே மாற்றியது. உள்ளே வரும் காற்றே அந்த மெல்லிய விளிம்பை ஊதி முகத்தோடு ஒட்ட வைக்கும். பலூன் மாதிரி. அது ஊதி நிற்க இடம் வேண்டும். பட்டையை இறுக்கினால் பலூன் நசுங்கும், ஒழுகும். ஆகவே தளர்த்தினால்தான் அடைக்கும். மிசினைக் கொடுத்தபோது இந்த ஒரு வாக்கியத்தை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. முகமூடி சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவில் வரும் என்பதையும்கூட.

மூக்கு எரிவது. இதற்கான விடை தூக்க மருத்துவத்திலிருந்து வரவில்லை, நியூசிலாந்தில் குளிர்சாதனப் பெட்டி செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனியிலிருந்து வந்தது. ஆக்லாந்து மருத்துவமனையில் மாட் ஸ்பென்ஸ் என்ற மருத்துவர் செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் நோயாளிகளின் மூச்சுப் பாதை காய்ந்துபோவதைக் கண்டு ஒரு வழி தேடினார். மூக்கு செய்யும் வேலையே காற்றைச் சூடாக்கி ஈரமாக்குவதுதான். குழாய் வழியாக வேகமாகக் காற்று வந்தால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. 1970ஐ ஒட்டி ஒரு மின்பொறியாளரோடும் ஃபிஷர் அண்ட் பைக்கெல் நிறுவனத்தோடும் சேர்ந்து செய்த முதல் மாதிரி, பழங்களைப் பதப்படுத்தி வைக்கும் கண்ணாடிச் சாடி. நம் வீட்டில் ஊறுகாய் போட்டு வைப்போமே, அந்த மாதிரி. அதில் தண்ணீரைச் சூடாக்கிக் காற்றை அதன் மேலாகச் செலுத்தினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்காகச் செய்த அந்தச் சாடிதான் பின்னால் படுக்கையறை மிசினில் ஒரு சின்னத் தண்ணித் தொட்டியாக உட்கார்ந்தது. 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சூடான ஈரக்காற்று கிடைத்தவர்கள் இரவுக்குச் சராசரி 5.52 மணி நேரம் மிசினைப் போட்டிருக்கிறார்கள். ஈரமில்லாத காற்றில் அதே ஆட்கள் 4.93 மணி நேரம். ஒரு கப் தண்ணீருக்கு முப்பத்தைந்து நிமிடத் தூக்கம்.

மூச்சை வெளியே விட முடியாதது. எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிப்பது மாதிரி இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். 1990இல் மார்க் சாண்டர்ஸும் நான்சி கெர்னும் உள்ளிழுக்கும்போது ஓர் அழுத்தம், வெளிவிடும்போது குறைந்த அழுத்தம் என்று இரண்டு அளவில் ஊதும் முறையை வெளியிட்டார்கள். பிறகு சாதாரண மிசின்களிலேயே மூச்சை விடும் கணத்தில் அழுத்தம் கொஞ்சம் இறங்கும் வசதி வந்தது. படுத்தவுடன் மெல்ல ஊதி, அரை மணியில் முழு அழுத்தத்துக்கு ஏறும் வசதியும் வந்தது. சலிவனோடு லான்செட் கட்டுரையில் பெயர் வந்த மைக்கேல் பெர்தன்-ஜோன்ஸ், தேவைக்கேற்பத் தானே அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிசினைப் பற்றி 1993இல் எழுதினார்.

அதே 1993இல் இன்னொரு கட்டுரை வந்தது. இந்த வரலாற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதுதான். அமெரிக்காவில் நான்சி கிரிப்ஸும் சகாக்களும் 35 நோயாளிகளின் மிசினுக்குள் ஒரு நுண்கணினியை வைத்து, உண்மையில் எத்தனை மணி நேரம் முகத்தில் காற்றழுத்தம் இருந்தது என்று அளந்தார்கள். 'தினமும் போடுகிறேன்' என்று சொன்னவர்கள் ஏறக்குறைய 60 சதவீதம். குறைந்தது 70 சதவீத நாட்களில் நான்கு மணி நேரமாவது போட்டவர்கள் 46 சதவீதம்தான்.

அதற்குப் பிறகு மிசின் ஊதுவதோடு எண்ணவும் ஆரம்பித்தது. நான்கு மணி நேரம் என்பது ஆய்வாளர்கள் வசதிக்காக வகுத்த அளவுகோல். காலப்போக்கில் அது சட்டமானது. அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீட்டில், முதல் மூன்று மாதத்துக்குள் தொடர்ச்சியான 30 நாட்களில் 70 சதவீத இரவுகள் நான்கு மணி நேரம் போட்டதை மிசின் காட்டினால்தான் தொடர்ந்து பணம். போடாதவருக்கு மருத்துவம் வைத்த பெயர் 'கீழ்ப்படியாதவர்' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல். இப்போது அதைக் கொஞ்சம் நாகரிகமாக மாற்றிவிட்டார்கள். ஆனால் அந்தப் பார்வை இன்னும் போகவில்லை. மூக்கு எரிகிறது என்று ஒருவர் சொன்னால், அது கருவியைப் பற்றிய தகவலா, அல்லது அந்த மனிதரின் குணத்தைப் பற்றிய தகவலா? நாற்பது வருடப் பொறியியல் அதைக் கருவியைப் பற்றிய தகவலாகக் கேட்டது. அதனால்தான் பசை போய் சிலிக்கோன் வந்தது. எங்கள் வீட்டில் நாங்கள் அதைக் குணமாகக் கேட்டோம்.

இன்னும் இரண்டு ஆய்வுகள். டெரி வீவரும் சகாக்களும் 1997இல் காட்டியது: ஒருவர் இதை ஒழுங்காகப் போடுவாரா, விட்டு விட்டுப் போடுவாரா என்பது முதல் வாரத்திலேயே பிரிந்துவிடுகிறது. நான்காவது நாளுக்குள்கூட. 1999இல் எடின்பரோவில் நடந்தது இன்னொன்று. ஒரு குழுவுக்கு வழக்கமான முறையில் மிசின் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு, துணைவரையும் கூட்டி வைத்து விளக்கி, தொடக்கத்தில் சில இரவுகள் கூடுதலாகத் தங்க வைத்துப் பழக்கி, பிறகு நர்ஸ்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்தார்கள். ஆறு மாதம் கழித்து இரண்டாவது குழு இரவுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் அதிகமாகப் போட்டுக்கொண்டிருந்தது. இதைத் தண்ணித் தொட்டியின் முப்பத்தைந்து நிமிடத்தோடு நேராக ஒப்பிட முடியாது; வேறு ஆட்கள், வேறு ஆய்வு. இருந்தாலும் மனம் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் செய்கிறது. வீட்டுக்கு வந்து 'எங்க உறுத்துது, காட்டுங்க' என்று ஒருவர் கேட்பது எந்த மிசினிலும் பொருத்த முடியாத பாகம்.

சொகுசுக்காகச் செய்தவை எல்லாம் நன்மையில்தான் முடிந்தன என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். மோட்டார் சத்தத்தைக் குறைக்க பிலிப்ஸ் நிறுவனம் (ரெஸ்பிரோனிக்ஸை வாங்கியது அதுதான்) தன் பல மிசின்களுக்குள் பாலியூரித்தேன் நுரையை வைத்திருந்தது. அந்த நுரை காலப்போக்கில் உதிர்ந்து, துகளும் வாயுவும் காற்றோடு கலக்கலாம் என்று சொல்லி 2021 ஜூனில் உலகெங்கும் பல மில்லியன் மிசின்களைத் திரும்பப் பெற்றது. பெரிய தீங்குக்கு வாய்ப்பில்லை என்று பின்னர் தன் சோதனைகளைக் காட்டியது. அந்தச் சோதனைகள் போதாது என்றது அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு. 2024இல், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, அமெரிக்க வழக்குகளுக்காக 1.1 பில்லியன் டாலர் கொடுக்க நிறுவனம் சம்மதித்தது. அந்த மாதங்களில் ஒவ்வொரு நோயாளியும் எடுக்க வேண்டியிருந்த முடிவை யோசித்துப் பாருங்கள். போட்டால் நுரையோ என்ற பயம், போடாவிட்டால் மூச்சு நிற்கும். பக்கத்தில் தூங்குபவருக்குச் சத்தம் கேட்கக்கூடாது என்று நல்ல நோக்கத்தோடு வைத்த ஒரு பஞ்சு. முகத்தில் மாட்டும் பொருளுக்கு வசதி எவ்வளவு முக்கியமோ, நம்பிக்கையும் அவ்வளவு முக்கியம். ஒரு தடவை போனால் திரும்புவது கஷ்டம்.

இதெல்லாம் எங்கேயோ நடந்த கதை என்று நினைத்திருந்தேன். சிட்னியில் பிறந்த ரெஸ்மெட்டின் பெரிய ஆலைகளில் ஒன்று சிங்கப்பூரில் இருக்கிறது. அப்பா லோரியில் சரக்கு ஏற்றிப்போன அதே பாலத்துக்கு அந்தப் பக்கம். 2016இல் வெளிவந்த சிங்கப்பூர் ஆய்வு ஒன்றில், சோதித்துப் பார்த்த பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மிதமான அல்லது கடுமையான அளவில் இந்தத் தடை இருந்தது. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அது இருப்பதே தெரியாது. நம் பக்கத்து வீட்டுக் குறட்டைகளைப் பற்றி இனி என்னால் முன்பு மாதிரி சிரிக்க முடியாது.

போன பள்ளி விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது பையைத் திறந்தேன். தண்ணித் தொட்டி பிரிக்கப்படாமல் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருந்தது. பதினோரு இரவும் அப்பா காய்ந்த காற்றைத்தான் சுவாசித்திருக்கிறார். மாஸ்க் பெரிய அளவு. அவர் முகத்துக்கு நடுத்தரமே தாராளம். புது மாஸ்க், புது வடிகட்டி வாங்கினோம். தொழில்நுட்பரிடம் போய் மிசினையும் சரிபார்த்துக்கொண்டோம். மெல்ல ஏறும் அழுத்தத்தைப் போட்டுக்கொடுத்தார்.

அப்பா உடனே சம்மதிக்கவில்லை. "நீ என்ன டாக்டரா?" என்றார்.

"இல்லப்பா. ஆனா நீங்க சொன்னது அத்தனையும் சரி. அப்பவே நாங்க கேட்டிருக்கணும்."

அவர் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் மாஸ்க்கைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பட்டையை இறுக்கப் போனார். வேண்டாம்பா, தளர்த்துங்க என்றேன்.

முதல் மூன்று நாள் தூங்குவதற்குப் போடவில்லை. இதுவும் படித்துத் தெரிந்துகொண்டதுதான். விழித்திருக்கும்போதே முகத்தைப் பழக்க வேண்டும். சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்து பழைய எம்ஜிஆர் படம் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் போட்டிருப்பார். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். அப்பா ஏதோ திட்ட வாயைத் திறந்தார், காற்று வாய் வழியாக வெளியே வந்து வார்த்தை வரவில்லை. அம்மா இன்னும் சிரித்தார்.

இப்போது இரவில் மூன்று மணி நேரம், சில நாள் மூன்றரை. இரண்டு மணிக்கு மேல் கழற்றிவிடுகிறார். நான்கு மணி நேரக் கணக்கில் அவர் இன்னும் தேறவில்லை. நேற்று போனில் கேட்டேன், இப்ப என்ன தொந்தரவுப்பா என்று. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார், "குழாய் கழுத்துல சுத்துது." தலைமாட்டில் ஒரு கொக்கி அடித்து அதில் குழாயை மாட்டிவிடச் சொல்லி அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போவதாகச் சொன்னாள்.